மழலைக் கூடமும் மூச்சு நோயும்

மணிமுக்தாற்றின் கரையில் அமைந்த எங்கள் விருத்தாசலத்துக்குப் பெருமைகள் இரண்டு. ஒன்று, திருமுதுகுன்றம் என்று முன்னோர் போற்றிய தலத்தில் விளங்கும் பழமலைநாதர் கோயில். மற்றொன்று பீங்கான். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகப் பூமியைத் தோண்டும்போது வெண்களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண்ணின் துணைகொண்டு எங்கள் ஊரில் பீங்கான் தொழில் வளர்ந்தது. தொழிலைக் கற்பிக்க ஒரு நிலையமும் சிறு பட்டறைகள் பலவும் இங்கே உண்டு. மின்சாரத்துக்கான ப்யூஸ் கட்டை முதல் நவராத்திரிக் கொலுப் பொம்மை வரை பலவகைப் பொருள்கள் இங்கிருந்து வெளியூர்களுக்குச் செல்கின்றன.

சிறு குழந்தையைப் 'பச்சை மண்' என்று சொல்வது தமிழர் வழக்கு. பீங்கான் ஊரில் வாழ்கிறவனுக்கு இச்சொல்லின் பொருள் மற்றவர்களைவிடச் சற்று நன்றாகவே விளங்கும். அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்த பொம்மையைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். விரல் நகம் பட்டால் தழும்பு விழும். சற்றே அழுத்தினால் வடிவு கெடும். அதனை எடுப்பவர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு எடுப்பார்கள். குழந்தையும் அப்படிப்பட்டதே. அந்தப் பச்சை மண்கள் இருபது முப்பது ஒரே கூடத்தில் நாள்தோறும் கூடி இருக்கும்போது, ஒன்றன் மூச்சுக்காற்று மற்றொன்றுக்கு நோயைக் கொண்டு செல்கிறதே, அதைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் இளந்தாய் இருக்கிறார். பொம்மைப் பட்டறை ஒன்றில் பிசிறு நீக்கும் வேலை செய்பவர், நாட்கூலிக்காரர். தம் மூன்று வயது மகனை அருகிலுள்ள அங்கன்வாடி மையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை அவர் என்னைத் தேடி வந்தார். நான் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லேன். எனினும் தெருவில் ஓர் ஐயம் எழுந்தால் என்னிடம் வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது.

"ஐயா, பையனை மையத்தில் சேர்த்து ஐந்து மாதம் ஆகிறது. அதற்குள் நான்கு முறை சளி பிடித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் எனக்கு இரண்டு மூன்று நாள் கூலி போகிறது. பையனை நிறுத்திவிட்டு நீ வீட்டோடு இரு என்கிறார் என் மாமியார். நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் உடனே விடை சொல்லவில்லை. நிறுத்து என்றால் ஒரு குடும்பத்தின் வருவாயில் பாதி போய்விடும். பையனுக்கு மதிய உணவும் பாட்டும் விளையாட்டும் போய்விடும். நிறுத்தாதே என்று சொல்லி, பிறகு பையனுக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் அந்தப் பழி யாருடையது? ஆகவே நூல்களைப் புரட்டினேன்; தெரிந்த மருத்துவர்களைக் கேட்டேன்; மையத்துக்கும் ஒரு நாள் சென்று பார்த்தேன். அதன் பிறகு அந்தத் தாய்க்குச் சொன்ன விடையைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில், இம்மையங்கள் எவ்வாறு தோன்றின என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். பெண்கள் வேலைக்குச் செல்லும் இடத்தில் குழந்தைகளுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்பதை நம் நாடு சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே சட்டம் ஏற்றுக்கொண்டது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் அமைய வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த எண்ணிக்கையை 30 ஆகக் குறைத்தது. ஆனால் ஐந்து பேரும் பத்துப் பேரும் வேலை செய்யும் சிறு பட்டறைகளை இவ்விதி தொடவில்லை. அவ்விடத்தை நிரப்பியவை அரசின் மையங்களே. 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1982ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தமிழ்நாட்டு அரசின் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, பள்ளிப் பருவம் எய்தாத சிறார்க்கும் மதிய உணவு கிடைத்தது. இன்று தமிழ்நாட்டில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. எங்கள் தெருப் பையன் செல்வது அவற்றுள் ஒன்று.

இனி, சளி என்பது என்ன என்று காண்போம். நாம் இழுக்கும் காற்று மூக்கின் வழியே நுழைந்து, தொண்டையைக் கடந்து, மூச்சுக்குழலில் இறங்கி, கிளைகிளையாகப் பிரியும் குழாய்களின் வழியே நுரையீரலின் நுண்ணறைகளை அடைகிறது. இப்பாதையின் மேற்பகுதியில் கிருமி தங்கினால் மூக்கொழுகல், தும்மல், தொண்டைக் கரகரப்பு ஆகியவை தோன்றும். இதுவே சாதாரணச் சளி. கிருமி கீழிறங்கி நுண்ணறைகளைத் தாக்கினால் அவற்றில் காற்றுக்குப் பதிலாக நீரும் சீழும் நிரம்பும். அதுவே நிமோனியா. முன்னது தொல்லை, பின்னது உயிருக்கே ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட 7 இலட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவால் இறந்தனர். இவ்விரண்டையும் பிரித்தறியத் தெரிந்துகொள்வதே இன்றைய பேச்சின் முக்கிய நோக்கம்.

சளியை உண்டாக்கும் கிருமிகளுள் பெரும்பாலானவை வைரஸ் என்னும் நச்சுயிர்கள். அவற்றுள் முதலாவது ரைனோவைரஸ். இதில் மட்டும் ஏறக்குறைய 160 வகைகள் உண்டு. ஒரு வகை தாக்கிக் குணமானபின் அந்த வகையை எதிர்க்கும் ஆற்றல் உடலுக்கு வருகிறது. மற்ற வகைகளை அது பெரிதும் தடுப்பதில்லை. 'போன மாதந்தானே சளி பிடித்தது, மறுபடியும் ஏன்?' என்ற கேள்விக்கு இதுவே விடை. மறுபடி வந்தது பழைய விருந்தாளி அன்று, அவனுடைய பங்காளி.

இரண்டாவது, சுவாசச் செல்லிணைப்பு வைரஸ். மருத்துவர்கள் இதனை ஆர்.எஸ்.வி. என்று மூன்றெழுத்தால் குறிப்பிடுகின்றனர். 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சளி பிடித்த சிம்பன்சிக் குரங்குகளிடம் இதை முதலில் கண்டனர். மறு ஆண்டே ராபர்ட் சேனாக் என்பவரும் அவருடன் பணியாற்றியோரும் மூச்சு நோயுற்ற குழந்தைகளிடமும் இதைக் கண்டறிந்தனர். குரங்கின் நோய் என்று எண்ணியது மனிதக் குழந்தைகளின் நோயாகவே இருந்தது. இரண்டு வயது நிறைவதற்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒரு முறையேனும் இது தொட்டுவிடுகிறது. பெரிய குழந்தைக்கு இது வெறும் சளி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கோ மூச்சுத் திணறலாகவும் முடியலாம். இவற்றோடு இன்புளூயன்சா, பாராஇன்புளூயன்சா, அடினோவைரஸ் முதலியனவும் உள்ளன. வைரஸ் வலுவிழக்கச் செய்த இடத்தில் நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் புகுவதும் உண்டு.

கிருமி ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்குச் செல்லும் வழிகள் இரண்டு: கை ஒன்று, காற்று மற்றொன்று.

கைவழியை நிறுவிய ஒரு சோதனையைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் கரோலைன் ஹால் என்னும் குழந்தை மருத்துவர், தம் உடன் பணியாற்றியவருடன் சேர்ந்து 1981ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டார். ஆர்.எஸ்.வி. நோயுற்ற கைக்குழந்தைகளின் அறைக்குள் மூன்று வகையாகத் தன்னார்வலர்களை அனுப்பினர். முதல் வகையினர் குழந்தையை எடுத்துக் கொஞ்சினர். இரண்டாம் வகையினர் குழந்தையைத் தொடவில்லை. குழந்தை இல்லாத நேரத்தில் அதன் தொட்டிலையும் பொருள்களையும் மட்டும் தொட்டு, பிறகு தம் மூக்கையும் கண்ணையும் தொட்டுக்கொண்டனர். மூன்றாம் வகையினர் சற்றுத் தொலைவில் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தனர். விளைவு என்ன? கொஞ்சிய 7 பேரில் 5 பேருக்கும், பொருள்களைத் தொட்ட 10 பேரில் 4 பேருக்கும் தொற்றியது. உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. இந்த வைரஸைப் பொறுத்தவரை கைகளே பெரிய தூதர்கள் என்பது இதனால் விளங்குகிறது அல்லவா?

நான் மையத்தில் கண்ட காட்சி இச்சோதனையை நினைவூட்டியது. ஒரு மரக்குதிரை அங்கே இருந்தது. அதன் காதை ஒரு சிறுமி வாயில் வைத்துச் சுவைத்துக்கொண்டிருந்தாள். அவள் கீழே வைத்ததும் அடுத்தவன் எடுத்தான். அரை மணி நேரத்தில் அக்குதிரை ஏழு கைகளுக்கு மாறியதை நானே எண்ணினேன். அதில் யார்மேலும் குற்றம் இல்லை. மூன்று வயதுக் குழந்தை உலகை அறிவது கையாலும் வாயாலுமே.

காற்றுவழியை ஆராய்ந்தவருள் முன்னோடி வில்லியம் வெல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர். தும்மும்போதும் இருமும்போதும் வெளிவரும் துளிகள் ஒரே அளவின அல்ல. பெரியவை விரைவில் தரையில் விழுந்துவிடும். மிகச் சிறியவை விழுவதற்கு முன்பே உலர்ந்துவிடும். கிருமியைச் சுமந்துகொண்டு நெடுநேரம் காற்றில் மிதக்கும். இதனை வெல்ஸ் 1934ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். பிலடெல்பியாவை அடுத்த பள்ளிகளில் வகுப்பறையின் மேற்பகுதிக் காற்றில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தார். 1941ஆம் ஆண்டில் தட்டம்மை பரவியபோது அவ்வகுப்புகளில் நோய் வெகுவாகக் குறைந்திருந்தது. பிற்காலத்தில் வேறிடங்களில் செய்த சோதனைகளில் இவ்வளவு தெளிவான பயன் கிட்டவில்லை. பிள்ளைகள் வகுப்புக்கு வெளியிலும் கலந்து பழகினர் அன்றோ? எனினும் அறைக்காற்றின் வழியே நோய் பரவும் என்ற அவரது கருத்தின் மதிப்பை, 2020ஆம் ஆண்டில் கொரோனா பரவியபோது உலகம் மீண்டும் உணர்ந்தது.

நமக்குப் புற ஊதா விளக்குகள் வேண்டியதில்லை. சன்னலே போதுமான தொடக்கம். நான் சென்ற நாள் மழை நாள். சாரல் அடிக்கிறதென்று சன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தார்கள். உள்ளே புழுக்கம். அந்தக் கூடத்தில் ஒரு குழந்தை வெளிவிட்ட காற்றையே மற்றக் குழந்தைகள் மாறி மாறி இழுத்துக்கொண்டிருந்தன எனலாம். மழை மாதங்களில் சளி மிகுவதற்கு மழைநீரில் நனைவதே காரணம் என்று பலர் எண்ணுகின்றனர். மழைக்குப் பயந்து எல்லோரும் ஒரே அறையில் அடைபடுவதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். ஒரு வீட்டில் 4 குழந்தைகள் இருந்தால், ஒருவரோடு ஒருவர் பழகக்கூடிய இணைகள் எத்தனை? 4ஐ 3ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 6. ஒரு மையத்தில் 25 குழந்தைகள் இருந்தால்? 25ஐ 24ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 300. குழந்தைகள் ஏறக்குறைய ஆறு மடங்குதான் ஆயினர். கிருமி செல்லக்கூடிய பாதைகளோ ஐம்பது மடங்கு ஆகிவிட்டன. கூட்டம் பெருகும்போது நோய் ஏன் அதைவிட வேகமாகப் பெருகுகிறது என்பதற்கு இச்சிறு கணக்கே விளக்கம். பெரிய கூட்டத்தைச் சிறு குழுக்களாகப் பிரித்து விளையாட விடுவதன் பயனும் இதிலேயே அடங்கியுள்ளது.

'சளி பிடித்த குழந்தையை வராமல் நிறுத்திவிட்டால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். போதாது. சளிக்கிருமி உள்ளே புகுந்து ஒன்று முதல் மூன்று நாளில் மூக்கு ஒழுகத் தொடங்குகிறது, ஆர்.எஸ்.வி.க்கு நான்கு முதல் ஆறு நாள் ஆகிறது. அறிகுறி வெளிப்படுவதற்குச் சற்று முன்னரே குழந்தை கிருமியைப் பரப்பத் தொடங்கிவிடலாம். நலமான பின்னரும் சில நாள் பரப்பலாம். ஆகவே வெறும் மூக்கொழுகலுக்காகக் குழந்தையை நிறுத்த வேண்டியதில்லை என்றே குழந்தை மருத்துவர்கள் கருதுகின்றனர். காய்ச்சல் இருந்தாலோ, குழந்தை சோர்ந்து விளையாடாமல் கிடந்தாலோ, மூச்சு வாங்கினாலோ வீட்டில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பே என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. மையத்துக்குப் புதிதாகச் செல்லும் குழந்தைக்கு முதல் ஆண்டில் இன்னும் கூடுதலாகவும் வரலாம். இந்தத் துன்பத்தால் பயன் ஏதும் உண்டா? அமெரிக்காவின் டூசான் நகரில் 1980ஆம் ஆண்டு முதல் பிறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரிய காப்பகங்களுக்குச் சென்ற குழந்தைகளுக்கு இரண்டு வயதில் சளி அதிகமாக வந்தது. ஆனால் ஆறு வயதுக்கு மேல் பள்ளியில் படித்த காலத்தில், வீட்டிலேயே வளர்ந்த குழந்தைகளைவிட அவர்களுக்குச் சளி குறைவாக வந்தது. பதின்மூன்று வயதில் இரு சாராரும் ஒன்றாகிவிட்டனர். மையத்தில் சேர்க்காவிட்டால் சளியே வராது என்பதில்லை. அது பெரும்பாலும் பள்ளியில் சேரும் நாள் வரை தள்ளிப்போகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கிருமி குழந்தைக்கு நல்லது என்று நான் சொல்வதாக யாரும் கொள்ளக் கூடாது. பச்சைப் பொம்மையைச் சூளையில் வைக்கத்தான் வேண்டும். ஆயினும் ஈரம் காயுமுன் வைத்தால் அது வெடித்துவிடும் என்பதை எங்கள் ஊர்ச் சூளைக்காரர் எவரும் அறிவர். மூன்று வயதுப் பையனுக்குத் தாங்கக்கூடிய சளியை, மூன்று மாதக் கைக்குழந்தையோ எடை குறைந்த குழந்தையோ தாங்காது. மையத்திலிருந்து திரும்பும் அண்ணன், தொட்டிலில் கிடக்கும் தம்பியை முத்தமிடுமுன் கையையும் முகத்தையும் கழுவ வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

ஆபத்தை எப்படி அறிவது? அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடிகாரமும் கண்ணும் போதும். பப்புவா நியூகினியாவில் பணியாற்றிய பிராங்க் ஷான் என்னும் மருத்துவர், மூச்சை எண்ணியே நிமோனியாவை ஐயுறலாம் என்று காட்டினார். உலகச் சுகாதார நிறுவனம் இம்முறையை ஏற்று வகுத்த அளவுகள் இவை: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஓராண்டு நிறையும் வரை 50 அல்லது அதற்கு மேல், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40 அல்லது அதற்கு மேல். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது வயிற்றின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் குடிக்க முடியாமற் போனாலோ எண்ணிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இம்முறையின் ஆற்றலை நம் நாட்டிலேயே கண்டிருக்கிறோம். மராட்டிய மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் கிராமத்துப் பணியாளர்களுக்கு மூச்சை எண்ணக் கற்பித்தனர். எண்ணிக்கை மிகுந்தால் கொடுக்க வேண்டிய மருந்தையும் கையில் தந்தனர். அக்கிராமங்களில் நிமோனியாவால் இறக்கும் குழந்தைகள் பெரிதும் குறைந்தனர். 1990ஆம் ஆண்டில் வெளிவந்த இம்முடிவு பல நாடுகளுக்கு வழிகாட்டியது. பெரிய படிப்பில்லாத கிராமத்தவர் ஒருவரும் ஓர் உயிரைக் காக்க முடியும் என்பதே அதன் சாரம்.

வருமுன் காப்பதில் தடுப்பூசிக்கு முதலிடம். ஹிப் என்னும் பாக்டீரியாவை எதிர்க்கும் மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை, 2011ஆம் ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாடும் கேரளமும் அரசுத் திட்டத்தில் சேர்த்தன. நியூமோகாக்கஸ் தடுப்பூசி 2021ஆம் ஆண்டு சூலையில் தமிழ்நாட்டுக்கு வந்தது. அதைப் பிறந்த ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் ஒன்பதாவது மாதத்திலும் இலவசமாகப் போடுகிறார்கள். சாதாரணச் சளியை இவை தடுக்கா. கொல்லும் நிமோனியாவைக் குறைக்கும்.

அடுத்தது சோப்பு. பாகிஸ்தானின் கராச்சி நகரத்துக் குடிசைப் பகுதிகளில் ஸ்டீபன் லூபி என்பவர் நடத்திய ஆய்வு 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. சோப்புப் போட்டுக் கைகழுவப் பழகிய குடும்பங்களில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் நிமோனியா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வயிற்றுப்போக்கும் அவ்வாறே குறைந்தது. ஒரு சோப்புக் கட்டியின் விலைக்கு இதைவிடப் பெரிய பயன் வேறெதில் கிட்டும்?

எல்லா முயற்சியும் நாம் எதிர்பார்த்த பலனைத் தந்துவிடும் என்று எண்ணலாகாது. எங்கள் ஊருக்கு அருகேயுள்ள கள்ளக்குறிச்சிப் பகுதியிலும், நாகப்பட்டினத்திலும், கௌத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலுமாக ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கருவுற்ற பெண்கள் ஏறக்குறைய 3,200 பேரில் பாதிப் பேருக்கு விறகடுப்புக்கு மாற்றாக எரிவாயு அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்தார்கள். வீட்டுப் புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் பிறந்த குழந்தைகளுக்கு முதல் ஆண்டில் வந்த கடும் நிமோனியா குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று 2024ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. புகை தீங்கற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. மூச்சு நோய்க்குக் காரணங்கள் பல. ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு வெற்றி கொண்டாட முடியாது என்பதே நாம் கற்கும் பாடம். அறிவியல் நம் விருப்பத்துக்கு மாறான விடையைச் சொல்லும்போதும் அதைக் கேட்கப் பழக வேண்டும்.

எங்கள் ஊருக்கென்றே உரிய ஒரு கவலையும் உண்டு. பீங்கான் மண்ணோடு படிகக்கல் தூளும் கலக்கிறார்கள். அதிலுள்ள சிலிக்கா தூசு ஆண்டுக்கணக்கில் உள்ளே சென்றால் தொழிலாளியின் நுரையீரலைத் தழும்பாக்கும். காசநோய்க்கும் இடம் கொடுக்கும். அத்தூசு படிந்த உடையோடு குழந்தையை அணைப்பது நல்லதன்று. பட்டறையில் உலர்ந்த தரையைப் பெருக்காமல் நீர் தெளித்துத் துடைப்பதும், வீடு திரும்பியதும் உடை மாற்றிக் கைகால் கழுவிய பிறகே குழந்தையை எடுப்பதும் எளிய காப்பு.

மருந்தைப் பற்றியும் ஒரு சொல். சாதாரணச் சளி வைரஸால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்தால் அதற்குப் பயன் இல்லை. கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்தோ இன்னும் கவலைக்குரியது. 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாரா மாவட்டத்தில், டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்து தயாரானது நம் தமிழ்நாட்டில். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளைக் கொடுக்கவே கூடாது என்று மத்திய அரசு அப்போது அறிவுறுத்தியது. தானே ஆறிவிடும் சளிக்காக எத்தனை வீடுகளில் இழப்பு! தாய்ப்பால், வெதுவெதுப்பான கஞ்சி, ஓய்வு, தேவையானால் மருத்துவர் சொன்ன அளவில் காய்ச்சல் மருந்து. பெரும்பாலான சளிக்கு இவை போதும்.

இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, "அம்மா, பையனை நிறுத்த வேண்டாம். ஆனால் மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றேன். என் கைக்கடிகாரத்தைப் பார்த்து மகனின் வயிற்றைக் கவனித்து அவர் எண்ணினார். 28 வந்தது. மாமியாரும் பக்கத்தில் அமர்ந்து எண்ணினார். மையத்துப் பணியாளரிடமும் பேசினேன். சாரல் படாத பக்கத்துச் சன்னல்களை மழையிலும் திறந்து வைப்பது, விளையாட்டுப் பொருள்களை மாலையில் சோப்பு நீரில் கழுவி உலர்த்துவது, சாப்பிடுமுன் ஒவ்வொரு குழந்தையின் கையையும் சோப்பால் கழுவுவது, உறங்கும்போது ஒருவர் தலைப்பக்கம் அடுத்தவர் கால்பக்கம் வருமாறு படுக்க வைப்பது என நான்கு வழக்கங்களை அவர் மேற்கொண்டார். அவற்றுள் இரண்டை அவர் முன்பே செய்து வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

சளி நின்றுவிட்டதா? இல்லை. மறு மாதமே பையனுக்கு மீண்டும் மூக்கு ஒழுகியது. ஐந்து நாளில் ஆறிவிட்டது. மார்கழியில் ஓர் இரவு கதவு தட்டும் ஓசை கேட்டு எழுந்தேன். வாசலில் தாயும் பாட்டியும் நின்றனர். "ஐயா, நான் எண்ணினேன், 52. அத்தையும் எண்ணினார், 50" என்றார் அந்தத் தாய். அவர் குரலில் பதற்றம் இருந்தது. ஆனால் என்ன செய்வது என்ற தயக்கம் இல்லை. அரசு மருத்துவமனைக்குச் செல்ல ஆட்டோவை அழைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். நிமோனியாதான். உரிய நேரத்தில் மருந்து கிடைத்தது. ஒரு வாரத்தில் பையன் தெருவில் ஓடினான்; தைக்குப் பின் மையத்துக்கும் சென்றான். நிறுத்தச் சொன்ன பாட்டியே அவனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார்.

மாணவர்களே, இன்னும் தீராத ஒன்று உண்டு. அந்த ஒரு வாரக் கூலி அந்தத் தாய்க்குத் திரும்பி வரவில்லை. கூலி போய்விடும் என்ற அச்சத்தால், காய்ச்சலோடு இருக்கும் குழந்தைக்குக் காலையில் மருந்து கொடுத்து மையத்தில் விட்டுச் செல்லும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. குழந்தை நோயுற்ற நாளில் தாய் வீட்டில் இருந்தாலும் அடுப்பு எரியும் என்ற நிலை வரும்வரை, சன்னலும் சோப்பும் தடுப்பூசியும் செய்யும் வேலையில் ஒரு பகுதி வீணாகவே போகும். கிருமியின் வழியை ஆராய்வது மருத்துவம் பயிலப் போகும் உங்களில் சிலர் வேலை. இந்த வழியை அடைப்பது, எத்துறைக்குச் சென்றாலும் உங்கள் எல்லோருடைய வேலை.

இன்று வீடு திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ உறங்கும் ஒரு குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நலமாக இருக்கும்போது எண்ணிப் பழகிய கண்ணுக்கே, நோயின்போது வேறுபாடு புலப்படும்.